ராமநாதபுரம் கடற்கரை: காலநிலை மாற்றத்தைச் சுற்றுச்சூழல் வழக்கில் சான்றாக வைப்பது எப்படி?

கடலோர ஊர்க்காரர்களும் புதிதாகத் தொழிலுக்கு வந்த வக்கீல்களும் கொண்டுவரும் கோப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மேலே செய்தித்தாள் வெட்டுகள், நடுவில் உலகக் கடல்மட்டம் ஏறுவதைக் காட்டும் வண்ணப் படம், கடைசியில் ஊர்க்காரர்களின் கையெழுத்து. மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த உலகப் படத்துக்கும் இந்த ஊர்க் கிணற்றுக்கும் நடுவே எழுதவேண்டிய பக்கங்கள் மட்டும் கோப்பில் இருக்காது. எதிர்தரப்பு வக்கீல் கை வைப்பது நேரே அந்த இடத்தில்தான்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடா; மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடா. இந்த இரண்டு கடலையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பலர் தடுமாறுவது நான்காவது படியை முதலில் செய்வதால்தான்.

1. பரிகாரத்தை முதலில் எழுதுங்கள்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் என்ன கேட்கப் போகிறீர்கள்? ஒரு வெள்ளைத்தாளில் இரண்டே வரியில் எழுதுங்கள். எந்தச் சான்று வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்த இரண்டு வரிதான் முடிவு செய்யும்.

"உலகம் சூடானதால் என் கரை போய்விட்டது, சூடாக்கியவர் இழப்பீடு தரவேண்டும்" என்பது ஒரு வகை. "இந்தக் கரை ஏற்கெனவே அரித்துக்கொண்டும் சூடேறிக்கொண்டும் இருக்கிறது. அரசுப் பதிவிலேயே அது இருக்கிறது. அதைப் பார்க்காமல் இங்கே ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது தவறு" என்பது இன்னொரு வகை. கேட்க இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் நிரூபிக்கும் பாரம் ஒன்றல்ல.

முதல் வகைக்கு ஒரு பெரு நாட்டு விவசாயி ஜெர்மனியில் தொடுத்த வழக்கைப் பாருங்கள். ஆர்.டபிள்யூ.இ. என்ற மின் நிறுவனத்தின் மீதான அந்த வழக்கில் ஹாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே 28-இல் தீர்ப்புச் சொன்னது. கரிவாயுவைப் பெரிய அளவில் உமிழும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிவரலாம் என்று கொள்கை அளவில் ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அந்த விவசாயியின் வீட்டுக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு போதிய அளவு இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டது. உலகத்தை நிரூபித்தாயிற்று, வீட்டு வாசலை நிரூபிக்க முடியவில்லை.

நம் நாட்டில் ரிதிமா பாண்டே என்ற சிறுமி தொடுத்த காலநிலை வழக்கை 2019 ஜனவரியில் பசுமைத் தீர்ப்பாயம் முடித்துவைத்தது. நாடு முழுமைக்குமான பொதுக் கோரிக்கையாக அது இருந்தது. அதனால் நான் சொல்வது இரண்டாம் வகையைத்தான்: ஒரு குறிப்பிட்ட உத்தரவு, ஒரு குறிப்பிட்ட தேதி, ஒரு குறிப்பிட்ட கரை.

எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளோடு சேர்த்துப் பேசியது. அதை மேற்கோள் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் அது உரிமைக்கு ஆதாரம். உங்கள் ஊர்க் கிணற்றுக்கு அது ஆதாரமாகாது.

2. எந்த மன்றம், எத்தனை நாள்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-இன் அட்டவணையில் ஏழு சட்டங்கள் உள்ளன. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், பல்லுயிர்ச் சட்டம் எல்லாம் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இல்லை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் சார்ந்த வழக்கில் இது பெரிய விஷயம். உங்கள் புகார் முழுக்கப் பூங்கா எல்லை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீறல், சுற்றுச்சூழல் அனுமதி என்றால் சென்னையில் உள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

நாள் கணக்கில் மூன்றை நினைவில் வையுங்கள். அனுமதியை எதிர்த்த மேல்முறையீட்டுக்கு 30 நாள். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு மனுவுக்கு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் 5 ஆண்டு. தக்க காரணம் காட்டினால் ஒவ்வொன்றிலும் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அதற்கு மேல் இல்லை.

"முதலில் எழுந்த நாள்" என்ற அந்தச் சொல்தான் காலநிலை வழக்குகளுக்குக் கண்ணி. "20 வருடமாகக் கடல் ஏறிவருகிறது" என்று நீங்களே முதல் பத்தியில் எழுதினால், அப்படியானால் 20 வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்பார்கள். மெல்ல வரும் மாற்றத்தைப் பின்னணியாக வையுங்கள். வழக்குக்கான காரணமாக, தேதி போட்ட ஒரு உத்தரவையோ கட்டுமானத் தொடக்கத்தையோ வையுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தகவல் அறியும் உரிமை மனுவுக்குப் பதில் வரவே 30 நாள் ஆகும். மேல்முறையீட்டுக் காலமும் 30 நாள். அனுமதி வந்தபிறகு தரவு கேட்டால் கை வெறுங்கையாகத்தான் இருக்கும். பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முப்பது நாள் முன்பே அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைப் பார்த்த அன்றே தகவல் மனுக்களைப் போட்டுவிடுங்கள்.

கருத்துக்கேட்பில் பேசினால் மட்டும் போதாது, எழுதியும் கொடுங்கள். கடல்மட்டம், வெப்பநிலை, கரையரிப்பு பற்றி எண்களோடு கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். "எடுத்துச் சொன்னோம், திட்டத்தைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டுக் குழு பதிலே சொல்லவில்லை" என்று பின்னால் வாதிட அந்த ஒப்புகைதான் தேவை.

3. சங்கிலியை வரையுங்கள்

ஒரு பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள். உலகம் அல்லது இந்தியப் பெருங்கடல். நம் வட்டாரக் கடல். நம் ஊர்க் கரை, பாறை, கிணறு. அதனால் மனிதருக்கு வந்த இழப்பு. பக்கவாட்டில் ஐந்தாவது கட்டம் ஒன்று: எதிர்மனுதாரரின் திட்டம் எந்தக் கண்ணியில் வந்து சேருகிறது? இந்த ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தால் வழக்கு இல்லை. கட்டுரை எழுதலாம்.

பவளப்பாறையை எடுத்துக்கொள்வோம். புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீட்டு அறிக்கை, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 முதல் 2015 வரை சராசரியாக சுமார் 1 டிகிரி செல்சியஸ் ஏறியதாகச் சொல்கிறது. இது முதல் கட்டம். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பெரிய அளவில் பவளம் வெளுத்தது பதிவாகியிருக்கிறது. இது இரண்டாவது. வெளுக்கும் வெப்ப வரம்பு, ஓரிடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரிக்கு மேல் 1 டிகிரி என்பது பவளக் கண்காணிப்பில் வழக்கமாகக் கொள்ளும் அளவு. அந்த வரம்பை மீறிய சூடு வாரக்கணக்கில் சேரும்போது 4 டிகிரி-வாரத்தில் (ஒரு டிகிரி கூடுதல் சூடு ஒரு வாரம் நீடித்தால் ஒரு டிகிரி-வாரம்) வெளுத்தலை எதிர்பார்க்கலாம். 8-ஐத் தாண்டினால் பவளம் சாகத் தொடங்கும்.

இப்போது ஐந்தாவது கட்டம். கடல்நீரைக் குளிர்விப்புக்குப் பயன்படுத்தும் அனல்மின் நிலையம், சுற்றியுள்ள நீரைவிட 7 டிகிரி வரை கூடுதல் சூட்டில் நீரை வெளியேற்ற விதி இடம் தருகிறது. கலந்து பரவும்போது சூடு குறையும், அதை மறைக்கக்கூடாது. கேள்வி இதுதான்: கலந்த பிறகு பாறையருகே மிஞ்சுவது அரை டிகிரியே ஆனாலும், ஏற்கெனவே வரம்பைத் தொட்டு நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில் அந்த அரை டிகிரி என்ன செய்யும்? சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எந்த மாதத்து நீரை வைத்துக் கணக்குப் போட்டது? வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) காலத்து ஒரே ஒரு பருவத் தரவை வைத்துப் போட்டிருந்தால், உங்கள் வாதம் அங்கேயே பாதி முடிந்தது.

4. அரசிடமே இருக்கும் தரவை அரசிடமே வாங்குங்கள்

மனுதாரர் அளந்த எண்ணைவிட அரசு அளந்த எண்ணுக்கு மன்றத்தில் எடை அதிகம். எதிர்தரப்பு அதை மறுப்பதும் கடினம். அதனால் முதலில் இவற்றைக் கேளுங்கள்.

கரைமாற்றத்துக்குச் சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையான செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடங்கள் தயாரித்திருக்கிறது. நாட்டுக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருப்பதாக அதன் கணக்கு. உங்களுக்கு வேண்டியது நாட்டுக் கணக்கு இல்லை. உங்கள் ஊர் விழும் அந்த ஒரு வரைபடத் தாள்.

வெப்பத்துக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் பவளம் வெளுத்தல் எச்சரிக்கைகள். மழைக்கும் காற்றுக்கும் பாம்பன் வானிலை நிலையத்தின் பதிவு. மீன்வளத்துக்கு மண்டபம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம். கிணற்று நீருக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணறுகளும், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகப் பதிவுகளும்.

அதிகம் பேர் கேட்க மறப்பது ஆபத்துக் கோடு. வெள்ளப் பரப்பு, கடல்மட்ட உயர்வு, கரைமாற்றம் மூன்றையும் சேர்த்து நூறாண்டுக் கணக்கில் இந்திய நில அளவைத் துறை வரைந்த கோடு அது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அதைப் பேரிடர் திட்டமிடலுக்கான கருவி என்றுதான் சொல்கிறது, கட்டுமானத் தடைக்கோடாக வைக்கவில்லை. அதனால் "ஆபத்துக் கோட்டுக்குள் வருகிறது, ரத்து செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். "அரசே ஆபத்து என்று வரைந்த பகுதி இது என்பது மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பில் ஓரிடத்திலாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

தகவல் மனுவில் "காலநிலை மாற்றம் பற்றிய எல்லா விவரமும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. நிலையத்தின் பெயர், ஆண்டு முதல் ஆண்டு வரை, எந்த அளவீடு, எந்த வடிவில் என்று எழுதுங்கள். சான்றளித்த நகல் என்று கேட்க மறக்காதீர்கள்.

5. ஊரில் நீங்களே அளக்க வேண்டியவை

அரசுத் தரவில் ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் அளங்கள். எல்லாவற்றையும் அளக்கப் போனால் எதையும் ஒழுங்காக அளக்க மாட்டீர்கள்.

கிணறு. திட்ட இடத்திலிருந்து வெவ்வேறு தூரத்தில் உள்ள கிணறுகளையும் ஊற்றுகளையும் தேர்ந்தெடுங்கள். கடலிலிருந்து அதே தூரத்தில், திட்டத்துக்கு எட்டாத ஒரு கிணற்றையும் சேருங்கள். ஒப்பிட அது வேண்டும். மாதம் ஒருமுறை, அதே நாள், காலையில் முதல் வாளி இறைப்பதற்கு முன். முதலில் நீர்மட்டத்தை அளந்துவிட்டு, புட்டியை அதே கிணற்று நீரால் மூன்றுமுறை அலசி, காற்றுக்குமிழி நிற்காமல் நிரப்பி, மூடிய பிறகு கிணற்றின் எண்ணும் நேரமும் எழுதிய துண்டை ஒட்டி, கிணற்றின் பின்னணி தெரிய ஒரு படம். குறைந்தது இரண்டு முறையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கையடக்கக் கருவியின் எண் திசை காட்ட மட்டும்தான். குடிநீர்த் தரத்தில் மொத்தக் கரைந்த உப்புக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மி.கி., வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை. குளோரைடுக்கு 250, 1,000.

கரை. நீர்க்கோட்டை அளக்காதீர்கள், அது நிமிடத்துக்கு நிமிடம் நகரும். அசையாத ஒரு பொருளிலிருந்து, அதாவது கோயில் சுவர், பள்ளிவாசல் படி, சர்ச் மூலை, மின்கம்பம் போன்ற ஒன்றிலிருந்து, செடிகொடி தொடங்கும் கோடு வரை நாடா பிடியுங்கள். ஏனென்றால் பாக் விரிகுடா ஆழம் குறைந்த, சரிவு குறைந்த கடல். ஓதம் கொஞ்சம் ஏறினாலே நீர் வெகுதூரம் உள்ளே வந்து திரும்பும்.

செயற்கைக்கோள் படத்திலும் இதே வம்பு. லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். 15 மீட்டர் அரிப்பை அதில் காட்டுகிறேன் என்றால் சிரிப்பார்கள். 2015-க்குப் பிந்தைய சென்டினல் படத்தில் 10 மீட்டர். எந்தப் படமானாலும் ஒரே மாதத்தோடு ஒரே மாதத்தை ஒப்பிடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஒரு பக்கம் போகும் மணல் வாடைக் காலத்தில் மறுபக்கம் திரும்பும். மே மாதப் படத்தையும் டிசம்பர் மாதப் படத்தையும் அடுத்தடுத்து வைத்து "பாருங்கள் அரிப்பு" என்று காட்டும் கோப்புகள் அடிக்கடி வருகின்றன. அது பருவ மாற்றம்.

ஊர்ச் சாட்சியம். இதை மனக்குறைப் பட்டியலாக வாங்காமல் அளவீடுபோல வாங்குங்கள். பாசி எடுக்கும் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் கடலின் தரை யாருக்கும் தெரியாது. ஆனால் "முன்னெல்லாம் நல்லா இருந்துச்சு" என்ற வாக்கியம் மன்றத்தில் செல்லாது. ஆண்டு கேட்டால் தயங்குவார்கள், நிகழ்ச்சியைக் கேட்டால் சொல்வார்கள். "அக்கா, இந்தக் கெணறு கரிக்க ஆரம்பிச்சது சுனாமிக்கு முன்னாடியா, பின்னாடியா? கஜாப் புயல் அப்போ குடிச்சீங்களா? கொரோனா அப்போ?" சுனாமி 2004 டிசம்பர் 26. கஜா 2018 நவம்பர் 16. இடையில் ஆண்டு தானே வந்து விழும். ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் குரல் பெரியவர் சொன்னதே எல்லோருடைய சாட்சியமாகிவிடும். பிரமாணப் பத்திரத்தைத் தமிழிலேயே வாசித்துக் காட்டி, தமிழிலேயே கையெழுத்து வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்பைத் தனியே இணையுங்கள். தீர்ப்பாயத்தின் மொழி ஆங்கிலம்.

6. மாற்றுக் காரணங்களை நீங்களே முதலில் சொல்லுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பலவீனத்தை நாமே ஏன் சொல்லவேண்டும் என்ற பயம். எதிர்மனுவில் அவர்கள் சொல்லும்போது அது குண்டு. உங்கள் மனுவிலேயே இருந்தால் அது வெறும் ஒரு பத்தி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.3 மி.மீ. ஏறியது என்று அதே 2020 அறிக்கை சொல்கிறது. 25 ஆண்டுக்கு 8 செ.மீ. 100-க்கு 1 சரிவுள்ள கரையில் இந்த 8 செ.மீ. மட்டும் நீர்க்கோட்டைச் சுமார் 8 மீட்டர் உள்ளே தள்ளும். உங்கள் ஊரில் 60 மீட்டர் போயிருக்கிறது என்றால் மீதி எங்கிருந்து? பக்கத்துத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு) மணலை மறித்ததா, துறைமுகச் சுவரா, மணல் அள்ளியதா? 60 மீட்டரையும் காலநிலைக் கணக்கில் எழுதினால் மொத்தச் சான்றும் நம்பகம் இழக்கும். உயர்ந்து வரும் கடலின் முன்னால் மணல் வரத்தை மறிப்பது இன்னும் ஆபத்து என்று எழுதினால், இரண்டு காரணமும் உங்கள் பக்கம் சேரும்.

கிணற்றுக்கும் அப்படித்தான். கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பதடிக்கு நன்னீர் என்பது நீரியலில் பழைய விதி. நீரை உறிஞ்சி மேல்மட்டத்தை அரையடி இறக்கினால் உப்புநீர் இருபதடி மேலே ஏறிவரும். ஆகவே கிணறு கரிப்பதில் கடல் உயர்ந்ததைவிட ஆழ்துளைக் குழாயின் பங்கு பெரிதாகவே இருக்கும். உப்பளம், இறால் குட்டை, சுனாமி நீர் தேங்கியது எல்லாமும் உண்டு. நிலத்தடி நீர் உறிஞ்சும் ஆலையை எதிர்க்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குச் சாதகம்.

பவளத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதைக் காலநிலைக்கு எடுத்துக்காட்டாகப் பலர் எழுதுகிறார்கள். அந்தப் பகுதியில் பல காலம் பவளக்கல் வெட்டி எடுத்ததை எதிர்தரப்பு உடனே எடுத்து வைக்கும். 2019-இல் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர்ப் பெருக்கத்தால். குருசடைப் பக்கம் பவளத்தை மூடியது கப்பாஃபைகஸ் என்ற வளர்ப்புப் பாசி. இவற்றை வெப்பத்தால் வெளுத்ததோடு கலக்காதீர்கள். வெளுத்த பவளத்தில் திசு உயிரோடு, நிறம் மட்டும் போயிருக்கும். பாசி மூடிச் செத்தது வேறு மாதிரி இருக்கும். படம் எடுப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

மீன் குறைந்தது என்ற வாதத்தை, வேறு வழியே இல்லாவிட்டால் தவிர, விட்டுவிடுங்கள். இழுவைமடி, சுருக்குமடி என்று பதில் தயாராக இருக்கும். பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். ஒற்றை மழையையும் அப்படியே. 2024 நவம்பர் 20-இல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வடிகால் திட்டமிடலில் இப்படியொரு மழையைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று. காலநிலை மாறிவிட்டது என்பதற்கு ஒரு நாள் மழை சான்றாகாது. அதற்குப் பாம்பனின் நீண்ட காலப் பதிவு வேண்டும்.

7. விஞ்ஞானியின் சொல்லை வக்கீலின் சொல்லாக்கும்போது

ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளில் "சாத்தியம்" என்பதற்கு 66 சதவீதத்துக்கு மேல், "மிகவும் சாத்தியம்" என்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம் நிர்ணயித்திருக்கிறார்கள். சிவில் வழக்கில் வேண்டியது பாதிக்கு மேற்பட்ட நிகழ்தகவு. அதாவது விஞ்ஞானி தயங்கித் தயங்கிச் சொல்லும் "சாத்தியம்" சட்டத்தின் தராசில் போதுமானதாக இருக்கலாம். இதை மனுவில் ஒரு பத்தியாக விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் "அவர்களே உறுதியாகச் சொல்லவில்லை" என்று எதிர்தரப்பு அதையே திருப்பும்.

தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைப் பின்பற்றச் சொல்கிறது. வேலூர் தோல் ஆலைகள் பற்றிய 1996 தீர்ப்பு, கெடுதல் வராது என்று காட்டும் பொறுப்பைத் திட்டக்காரர் மேல் வைத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வருங்கால வரைபடங்களில் ஜாக்கிரதை. உலக மாதிரிகளின் ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர் அளவு. பாம்பன் தீவு அதில் ஒரு துளி. இணையத்தில் கிடைக்கும் "2050-இல் மூழ்கும் ஊர்கள்" படங்கள் பலவும் செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்தவை. அந்த உயரத்தில் பிழையே மீட்டர் கணக்கில் இருக்கும்போது, சில பத்து செ.மீ. உயர்வை அதில் எப்படி அளப்பது?

நிபுணர் கருத்தைப் பிரமாணப் பத்திரமாக வாங்குங்கள். தகுதி, பார்த்த ஆவணங்கள், முறை, வரம்புகள், முடிவு என்ற வரிசையில், பத்துப் பக்கத்துக்குள். அரசு நிறுவன விஞ்ஞானிகள் தனியாருக்கு அறிக்கை தர முடியாமல் போகலாம். அதற்கு வழி, அந்த நிறுவனத்திடமே அறிக்கை கேட்டு உத்தரவிடும்படி இடைக்கால மனு போடுவது.

8. படமும் கோப்பும்

தீர்ப்பாயச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதில்லை. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். வழக்கு வேறு மன்றம் போகலாம். கைபேசிப் படங்களுக்கும் பதிவிறக்கிய தரவுக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அதில் இரண்டு பகுதி, ஒன்று உங்களுடையது, மற்றது நிபுணருடையது; ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அழுத்தப்பட்டு, இடமும் நேரமும் உதிர்ந்து வரும். மூலப் படத்தை எடுத்த கைபேசியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

9. கூட்டுக்குழு வரும் நாள்

பெரும்பாலான வழக்குகளில் தீர்ப்பாயம் அரசுத் துறைகளின் ஒரு கூட்டுக்குழுவை அனுப்பி அறிக்கை கேட்கும். நடைமுறையில் உங்கள் வழக்கின் பாதி விதி அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. ஆனாலும் குழு வரும் நாளில் ஊரே கூடிக் கோஷம் போட்டுவிட்டு, காட்டவேண்டிய கிணற்றைக் காட்டாமல் விட்டுவிடுவதுதான் நடக்கிறது.

இடங்களை எண் போட்டு, எந்த வழியாக நடப்பது என்று ஒரு பக்க வரைபடம் தயாரியுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக மனுவின் எந்தப் பத்தி என்று குறியுங்கள். பேச இரண்டு பேர் போதும். ஒருவர் பாசி எடுக்கும் பெண்ணாக இருக்கட்டும். எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவர்கள் மாதிரி எடுக்கும் நேரத்தில் அதே கிணற்றில் நீங்களும் ஒரு புட்டி எடுத்து அதே அன்று ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

அறிக்கை வந்ததும் ஆட்சேபணை. "ஒருதலைப்பட்சமான அறிக்கை" என்று எழுதுவதால் பயனில்லை. எந்த எண் எந்தப் பக்கத்தில், எந்த மாதத்தில் அளந்தது, எந்தக் கிணறு விடுபட்டது என்று வரிவரியாக எழுதுங்கள்.

10. உத்தரவுக்குப் பிறகு

எதிராக வந்தால் தீர்ப்பாயச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் போக 90 நாள். சாதகமாக வந்தாலும் மாதாந்தரக் கிணற்று அளவையும் கரை நாடாவையும் நிறுத்தாதீர்கள். நிபந்தனைகளை மீறினார்கள் என்று நிறைவேற்று மனு போடும்போது, உத்தரவுக்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் ஒரே கிணறு, ஒரே முறை, ஒரே நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். அந்த நோட்டை வக்கீல் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வராமல், நகல் மட்டும் கொடுத்து, மூலத்தை ஊரில் பொறுப்பான ஒருவர் வீட்டில் வைத்திருங்கள்.